கேட்பதா, செய்யச் சொல்வதா?
வலையில் தகவல் வினவும் முறைகள்

ரயில் நிலையத்துக்குள் நுழைகிறீர்கள். எதிரே இரண்டு சன்னல்கள். ஒன்றின் மேல் 'விசாரணை' என்றும், மற்றதன் மேல் 'பயணச்சீட்டு' என்றும் எழுதியிருக்கிறது. முதல் சன்னலில், "மதுரை வண்டி எத்தனை மணிக்கு?" என்று கேட்கிறீர்கள். இரைச்சலில் பதில் காதில் விழவில்லை. மறுபடியும் கேட்கிறீர்கள். இதனால் யாருக்கும் நட்டமில்லை. உள்ளே இருப்பவர் சற்றுச் சலித்துக்கொள்வார், அவ்வளவுதான். வண்டியின் நேரம் மாறிவிடாது. உங்கள் சட்டைப் பையிலுள்ள பணமும் குறையாது.

இரண்டாவது சன்னலில் அப்படி இல்லை. பணத்தை நீட்டி, "மதுரைக்கு ஒன்று" என்கிறீர்கள். காதில் விழுந்ததோ இல்லையோ என்று ஐயுற்று மறுபடியும் பணத்தை நீட்டினால் என்ன ஆகும்? இரண்டு சீட்டுகள் வந்து சேரும். ஒன்றை யாரிடமாவது விற்க வேண்டியதுதான்!

கேட்பது வேறு, செய்யச் சொல்வது வேறு. இந்த வேறுபாட்டை நாம் அன்றாட வாழ்வில் யோசிக்காமலே உணர்ந்திருக்கிறோம். ஆனால் கணிப்பொறிக்கு அந்த உணர்வு கிடையாது. ஆகவே, வலையில் ஒரு கணிப்பொறி மற்றொன்றிடம் பேசும்போது, "நான் கேட்கத்தான் வந்திருக்கிறேன்" அல்லது "நான் ஒன்றைச் செய்து முடிக்க வந்திருக்கிறேன்" என்று முதல் சொல்லிலேயே அறிவித்துவிட வேண்டும். அந்த முதல் சொல்லைத் தவறாகச் சொன்னால் என்ன நேரும், சரியாகத் தேர்ந்தெடுப்பது எப்படி என்பதை இங்கே காண்போம்.

ஒரே சொல்லில் தொடங்கிய வலை

சுவிட்சர்லாந்தில் ஜெனீவா நகரை ஒட்டி செர்ன் என்னும் அணுத்துகள் ஆய்வுக்கூடம் இருக்கிறது. அங்கே பணியாற்றிய டிம் பெர்னர்ஸ்-லீ என்னும் ஆங்கிலேயர், ஆய்வாளர்களின் ஆவணங்களை ஒன்றோடொன்று இணைக்கும் திட்டம் ஒன்றை 1989-இல் முன்வைத்தார். இன்று நாம் 'வலை' என்று அழைப்பது அத்திட்டத்திலிருந்து வளர்ந்ததே ஆகும். ஆவணத்தைக் கேட்கும் கணிப்பொறியும், அதைக் கொடுக்கும் கணிப்பொறியும் எந்த ஒழுங்கில் பேசிக்கொள்ள வேண்டும் என்று அவர் வகுத்த விதிமுறைக்கு எச்.டி.டி.பி. என்று பெயர். உலாவியில் முகவரிக்கு முன்னால் நீங்கள் பார்த்திருக்கும் எழுத்துகள் இவைதாம்.

1991-ஆம் ஆண்டின் முதல் எச்.டி.டி.பி.யில் ஒரே ஒரு முறைச்சொல்தான் இருந்தது. அது 'கெட்', அதாவது 'கொடு'. கெட் என்று எழுதி, பக்கத்தில் ஆவணத்தின் முகவரியை எழுதினால் வேண்டுகோள் முடிந்தது. எதையேனும் தேட வேண்டுமானால் முகவரியின் கடைசியில் ஒரு கேள்விக்குறி இட்டு, அதன் பின் தேடும் சொற்களைச் சேர்க்க வேண்டும். இன்றும் தேடுபொறியில் நீங்கள் தேடும்போது முகவரிப் பட்டையில் கேள்விக்குறியும் அதன் பின்னால் உங்கள் சொற்களும் தோன்றுவதைக் காணலாம். முப்பது ஆண்டுகளுக்கு மேலாகியும் அந்தப் பழக்கம் மாறவில்லை!

கேட்பதற்கு மட்டுமே வலை பயன்பட்டிருந்தால் இந்த ஒரு சொல்லே போதும். ஆனால் மக்கள் அதன் வழியே படிவங்களை நிரப்பி அனுப்பவும், பொருள் வாங்கவும், கடிதம் எழுதவும் தொடங்கினர். 1996-இல் வெளியான எச்.டி.டி.பி. 1.0 ஆவணத்தில் 'போஸ்ட்', 'ஹெட்' என்னும் சொற்களும் இடம் பெற்றன. அடுத்து வந்த 1.1 பதிப்பில் 'புட்', 'டெலீட்' முதலியவையும் முறைப்படி சேர்ந்தன. கெட் என்பது கொடு. போஸ்ட் என்பது இதைப் பெற்றுக்கொண்டு ஆவன செய். ஹெட் என்பது ஆவணம் வேண்டாம், அதைப் பற்றிய விவரக் குறிப்பு மட்டும் போதும். புட் என்பது இந்த இடத்தில் இதை வை. டெலீட் என்பது இதை நீக்கு.

இரண்டு உறுதிமொழிகள்

இந்தச் சொற்களை வெறும் பெயர்களாக எண்ணிவிடக் கூடாது. ஒவ்வொன்றுக்குள்ளும் ஓர் உறுதிமொழி அடங்கியிருக்கிறது.

முதல் உறுதிமொழி, 'தீங்கின்மை'. கெட், ஹெட் ஆகியவை தீங்கற்றவை. அதாவது, இவ்வேண்டுகோளை அனுப்புகிறவர் எதையும் மாற்றும்படி கேட்கவில்லை. சர்வர் எனப்படும் வழங்கும் கணிப்பொறி, இத்தனை மணிக்கு இன்ன வேண்டுகோள் வந்தது என்று தன் பதிவேட்டில் குறித்துக்கொள்ளலாம். வந்தவர் எண்ணிக்கையில் ஒன்றைக் கூட்டிக்கொள்ளலாம். அது சர்வரின் சொந்த வேலை. கேட்டவர் அதற்குப் பொறுப்பல்லர்.

இரண்டாவது உறுதிமொழி, 'மீளச் செய்தாலும் மாறாமை'. இதை உங்கள் வீட்டு மின்விசிறியைக் கொண்டே விளங்கிக்கொள்ளலாம். "ரெகுலேட்டரை 3-இல் வை" என்று தம்பியிடம் சொல்கிறீர்கள். பத்து முறை சொன்னாலும் விசிறி 3-இல்தான் சுழலும். "ஒரு படி கூட்டு" என்று பத்து முறை சொன்னாலோ காகிதங்கள் எல்லாம் பறந்துவிடும். முதற் கட்டளை மீளச் செய்தாலும் மாறாதது, இரண்டாவது அப்படிப்பட்டதன்று. புட், டெலீட் இரண்டும் முதல் வகை. நீக்கியதை மறுபடியும் நீக்கினால் அது நீங்கியே இருக்கும். கெட் எதையும் மாற்றாது. ஆகவே அதுவும் முதல் வகையே. போஸ்ட் மட்டும் இரண்டாம் வகை. இரண்டு முறை அனுப்பினால் இரண்டு முறை நடந்துவிடலாம்.

இது ஏன் முக்கியம்? கம்பியிலும் காற்றிலும் செல்லும் செய்தி சில வேளைகளில் வழியிலேயே தொலைந்துவிடுகிறது. நீங்கள் அனுப்பிய வேண்டுகோள் போய்ச் சேர்ந்து, மறுமொழி மட்டும் திரும்பும் வழியில் தொலைந்திருக்கவும் கூடும். உங்கள் பக்கத்திலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்று போலவே தெரியும். கெட் ஆயின் உலாவி தயங்காமல் மறுபடியும் கேட்கும். போஸ்ட் ஆயின் அது தானாக மறுபடியும் அனுப்பத் துணியாது. தேர்வுக் கட்டணம் கட்டிய பக்கத்தை மீண்டும் ஏற்ற முயன்றால், "படிவத்தை மறுபடியும் அனுப்பவா?" என்று உலாவி நிறுத்திக் கேட்பதைப் பார்த்திருப்பீர்கள். இரண்டு சீட்டுகள் வாங்கிவிடாதே என்று அது உங்கள் கையைப் பிடித்துத் தடுக்கிறது.

நடுவில் நிற்பவர்கள்

உலாவியும் சர்வரும் நேருக்கு நேர் பேசிக்கொள்கின்றன என்று நாம் எண்ணுகிறோம். உண்மையில் இவற்றுக்கு நடுவே பல கணிப்பொறிகள் நிற்கக்கூடும். அவற்றுள் ஒரு வகைக்கு 'கேஷ்' என்று பெயர். தமிழில் இடைச்சேமிப்பு எனலாம்.

விசாரணைச் சன்னலுக்கு வெளியே ஒரு கரும்பலகை இருக்கிறது என்று வையுங்கள். முதலில் ஒருவர் மதுரை வண்டியின் நேரத்தைக் கேட்டதும், அந்த விடையைப் பலகையில் எழுதிவிடுகிறார்கள். அடுத்து வரும் நூறு பேரும் பலகையைப் பார்த்துவிட்டுப் போகிறார்கள். உள்ளே இருப்பவருக்கு நூறு மடங்கு வேலை மிச்சம். இடைச்சேமிப்பு செய்வது இதைத்தான். ஒரே கேள்வி மறுபடியும் வந்தால், சர்வர் வரை போகாமலே முன்பு வந்த விடையை எடுத்துக் கொடுத்துவிடுகிறது. விடை பழசாகியிருக்குமோ என்று ஐயம் வந்தால், "நான் வைத்திருப்பது மாறிவிட்டதா?" என்று மட்டும் சர்வரிடம் கேட்கும். மாறவில்லை என்றால், சர்வர் 304 என்னும் எண்ணைத் திருப்பி அனுப்பும். ஆவணம் முழுவதையும் மறுபடியும் சுமந்துவர வேண்டியதில்லை.

இங்கே கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. வந்த கேள்வியும் முந்தைய கேள்வியும் ஒன்றா என்பதை இடைச்சேமிப்பு எப்படி அறிகிறது? முகவரியைக் கொண்டே அறிகிறது. கெட் வேண்டுகோளில் கேள்வி முழுவதும் முகவரியிலேயே இருப்பதால் ஒப்பிட்டுப் பார்ப்பது எளிது. போஸ்டில் கேள்வி முகவரியில் இல்லை. உறைக்குள் இட்ட கடிதம் போல உடற்பகுதிக்குள் இருக்கிறது. சில கட்டுப்பாடுகளுடன் போஸ்டின் மறுமொழியையும் சேமிக்க விதிமுறை இடம் தருகிறது என்றாலும், பெரும்பாலான இடைச்சேமிப்புகள் அதைத் தொடுவதில்லை. ஆகவே போஸ்ட் வழியாகக் கேட்கும் ஒவ்வொரு கேள்வியும் சர்வரின் வாசல் வரை போய்த்தான் ஆக வேண்டும். ஆயிரம் பேர் ஒரே கேள்வியைக் கேட்டால் ஆயிரம் முறை உழைக்க வேண்டும்.

மற்றொரு பயனும் உண்டு. கெட் முகவரியை நண்பருக்கு அனுப்பலாம். நோட்டில் குறித்து வைக்கலாம். அடுத்த மாதம் அதையே திறந்து புதிய விடை பெறலாம். கேள்விக்கே ஒரு முகவரி கிடைத்துவிடுகிறது! போஸ்ட் வழியாகப் பெற்ற விடைக்கு அப்படிப்பட்ட முகவரி இல்லை. வலையின் தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பின் தொழில்நுட்பக் குழு 2004 மார்ச்சில் வெளியிட்ட ஆவணம் ஒன்று இந்தக் காரணங்களை விரிவாக ஆராய்ந்து, கேள்வி கேட்பது போன்ற தீங்கற்ற செயலுக்குக் கெட்டையே பயன்படுத்துமாறு கூறியது.

2005-இல் நடந்தது

உறுதிமொழியை மீறினால் என்ன ஆகும் என்பதற்கு ஓர் உண்மை நிகழ்ச்சியைக் கூறுவோம்.

2005-ஆம் ஆண்டு மே மாதம் கூகுள் நிறுவனம் 'வெப் ஆக்சிலரேட்டர்' என்னும் மென்பொருளைச் சோதனை முறையில் வெளியிட்டது. பயனருக்குக் காத்திருக்கும் நேரத்தைக் குறைப்பது அதன் நோக்கம். அதற்கு அது கையாண்ட உத்திகளில் ஒன்று இதுதான்: நீங்கள் ஒரு பக்கத்தைப் படித்துக்கொண்டிருக்கும்போதே, அப்பக்கத்திலுள்ள இணைப்புகளைப் பின்னணியில் திறந்து, அவற்றின் பக்கங்களை முன்கூட்டியே கொண்டுவந்து வைத்துக்கொள்ளும். நீங்கள் எதைச் சொடுக்கினாலும் அது தயாராக இருக்கும். இணைப்பைத் திறப்பது கெட் வேண்டுகோள், கெட் தீங்கற்றது, ஆகவே எத்தனை இணைப்புகளைத் திறந்தாலும் கெடுதல் இல்லை என்பது அதை எழுதியவர்களின் கணக்கு. விதிமுறைப்படி அந்தக் கணக்கு சரிதான்.

ஆனால் அக்காலத்தில் வலைவழிச் செயலிகள் சிலவற்றில், 'நீக்கு' என்னும் செயலும் சாதாரண இணைப்பாகவே அமைக்கப்பட்டிருந்தது. அதாவது, கெட் என்று சொல்லிவிட்டு உள்ளே டெலீட் வேலையைச் செய்தார்கள். முன்கூட்டிக் கொண்டுவரும் மென்பொருள் வரிசையாக ஒவ்வோர் இணைப்பாகத் திறந்துகொண்டே போயிற்று. 'நீக்கு' இணைப்புகளையும் திறந்தது. பயனர் ஒன்றையும் சொடுக்காமலே அவர் சேமித்து வைத்திருந்தவை மறைந்தன. "நிச்சயமாக நீக்கவா?" என்று கேட்கும் எச்சரிக்கைப் பெட்டிகளும் உதவவில்லை. அந்தப் பெட்டி விரலால் சொடுக்கும் மனிதருக்காக வைக்கப்பட்டது. முகவரியை மட்டும் எடுத்துக்கொண்டு போகும் மென்பொருள் அதைப் பார்ப்பதே இல்லை.

குற்றம் யாருடையது? அன்று பலர் கூகுளின் மென்பொருளைக் கடிந்துகொண்டார்கள். அந்த மென்பொருளிலும் குறைகள் இருந்திருக்கலாம். ஆனால் விசாரணைச் சன்னல் என்று பலகை மாட்டிவிட்டு, கேட்டவர்களிடம் எல்லாம் பணம் பிடுங்கினால் பலகையை நம்பி வந்தவரைக் குறை சொல்ல முடியுமா? தேடுபொறிகளின் நிரல்களும் இப்படித்தான் இணைப்பு இணைப்பாகத் தாவி வலை முழுவதையும் படிக்கின்றன. கெட் தீங்கற்றது என்னும் நம்பிக்கை இல்லாவிட்டால் தேடுபொறி ஒன்றை நடத்தவே முடியாது.

கேள்வி நீண்டுவிட்டால்?

இதுவரை பார்த்ததிலிருந்து, தகவல் கேட்க கெட். செயல் செய்ய மற்றவை என்று முடிவு கட்டிவிடலாம் போலத் தோன்றுகிறது. பெரும்பாலான இடங்களில் இது போதும். சிக்கல் எங்கே வருகிறது என்றால், கேள்வி மிக நீளமாக இருக்கும்போது.

'விக்கித்தரவு' என்னும் பொதுத் தகவல் களஞ்சியத்தை எடுத்துக்கொள்வோம். 2012-இல் தொடங்கப்பட்ட இக்களஞ்சியத்தில் ஊர்கள், ஆறுகள், நூல்கள், மனிதர்கள் பற்றிய செய்திகள் கணிப்பொறி படிக்கத்தக்க வடிவில் உள்ளன. 'ஸ்பார்க்கிள்' என்னும் வினவல் மொழியில் எவரும் அதனிடம் கேள்வி கேட்கலாம். "இந்தியாவில் உள்ள ஆறுகள் எவை? ஒவ்வொன்றின் நீளம் என்ன? எந்தக் கடலில் கலக்கிறது?" என்பது போன்ற கேள்வி பத்து வரிகளில் முடியும். ஆனால், "என்னிடம் ஆயிரம் ஊர்ப் பெயர்கள் உள்ளன, ஒவ்வொன்றின் மக்கள் தொகையையும் சொல்" என்றால் அந்த ஆயிரம் பெயர்களையும் கேள்வியிலேயே எழுத வேண்டும். இது முகவரிக்குள் அடங்குமா?

முகவரிக்கு இவ்வளவுதான் நீளம் என்று எச்.டி.டி.பி. விதி எதுவும் மேல்வரம்பு கட்டவில்லை. ஆனால் ஒவ்வொரு மென்பொருளுக்கும் ஓர் எல்லை உண்டு. ஒருகாலத்தில் பரவலாக இருந்த இன்டர்நெட் எக்ஸ்புளோரர் உலாவியில் அது 2083 எழுத்துகள். 2022-இல் வெளிவந்த எச்.டி.டி.பி. ஆவணம், குறைந்தது 8000 பைட் நீளமுள்ள முகவரிகளையாவது அனைவரும் ஏற்க வேண்டும் என்று பரிந்துரைக்கிறது. எல்லை மீறினால் சர்வர் 414 என்னும் எண்ணை அனுப்பும். 'முகவரி மிக நீளம்' என்பது அதன் பொருள்.

தமிழில் கேட்பவர்களுக்கு இதில் இன்னொரு சங்கடமும் உண்டு. இணைய முகவரியில் தமிழ் எழுத்துகள் அப்படியே பயணம் செய்வதில்லை. யூனிகோடு முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியீட்டுக்கும் மூன்று பைட்டுகள். முகவரியில் ஒவ்வொரு பைட்டும், ஒரு சதவீதக் குறி, அதன் பின் இரண்டு எழுத்துகள் என மூன்றாக விரிகிறது. ஆக ஒரு குறியீட்டுக்கு ஒன்பது இடங்கள்! 'தமிழ்' என்பது நம் கண்ணுக்கு மூன்று எழுத்து. கணிப்பொறிக்கோ த, ம, இகரக் கொம்பு, ழ, புள்ளி என ஐந்து குறியீடுகள். ஐந்தொன்பது நாற்பத்தைந்து. மூன்றெழுத்துச் சொல் முகவரியில் 45 இடங்களைப் பிடித்துக்கொள்கிறது.

இதை நீங்களே சோதித்துப் பார்க்கலாம். தமிழ் விக்கிப்பீடியாவில் 'தமிழ்' என்னும் கட்டுரையைத் திறந்து, முகவரிப் பட்டையிலுள்ள முகவரியை நகலெடுத்து வேறோர் இடத்தில் ஒட்டுங்கள். பெரும்பாலான உலாவிகளில் சதவீதக் குறிகள் நிறைந்த நீண்ட தொடர் ஒன்று வந்து விழும். குறிகளை எண்ணிப் பாருங்கள், பதினைந்து இருக்கும். 8000 பைட் முகவரியில் இந்தக் கணக்குப்படி 888 தமிழ்க் குறியீடுகளே அடங்கும். அதிலும் சர்வரின் பெயருக்குரிய இடத்தைக் கழிக்க வேண்டும். ஆயிரம் ஊர்ப் பெயர்களுக்கு அங்கே இடம் ஏது?

ஸ்பார்க்கிள் மொழியின் விதிகளை வகுத்தவர்கள் இதை எதிர்பார்த்தே வழி செய்தார்கள். 2013-இல் நிறைவேறிய அதன் 1.1 பதிப்பின்படி, வினவுவதற்குக் கெட்டையும் பயன்படுத்தலாம், போஸ்டையும் பயன்படுத்தலாம். ஆனால் தகவலை மாற்றும் கட்டளைக்குப் போஸ்ட் மட்டுமே உரியது. கெட்டுக்கு அனுமதி இல்லை. இந்த ஏற்பாட்டின் நுட்பத்தைக் கவனியுங்கள். கேள்வியைப் போஸ்டில் அனுப்பினால் வேகம் குறையலாம், எதுவும் அழிந்துபோகாது. மாற்றத்தைக் கெட்டில் அனுப்பினால் 2005-இல் நடந்ததே மறுபடியும் நடக்கும். ஒரு திசையில் விட்டுக்கொடுக்கலாம். மறு திசையில் கூடாது.

கேள்வி மறைவானதானால்?

நீளம் அல்லாத வேறொரு காரணத்துக்காகவும் கெட்டைத் தவிர்க்க வேண்டிய நேரம் உண்டு. ஒரு மாணவியின் தேர்வு முடிவைப் பார்க்கப் பதிவெண்ணும் பிறந்த தேதியும் தர வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். இவை இரண்டும் முகவரியில் ஏறினால் என்ன ஆகும்? உலாவியின் வரலாற்றுப் பட்டியலில் அந்த முகவரி தங்கிவிடும். பொதுக் கணிப்பொறி மையத்தில் அடுத்து வந்து உட்காருபவர் அதைப் பார்க்கலாம். சர்வரின் பதிவேட்டிலும் முகவரி முழுவதும் எழுதப்படும். நோயின் பெயரைச் சொல்லி மருந்து தேடுவதும் இப்படித்தான். இவ்வகைக் கேள்விகளை உடற்பகுதியில் வைத்துப் போஸ்ட் வழியாக அனுப்புவதே நன்று.

அதற்காகப் போஸ்ட் என்றால் மந்திரப் பூட்டு என்று எண்ணிவிட வேண்டாம். மறையாக்கம் இல்லாத பழைய எச்.டி.டி.பி.யில் உடற்பகுதியையும் வழியில் நிற்பவர் எவரும் படிக்கலாம். வழியில் மறைத்துக் காப்பது எச்.டி.டி.பி.எஸ். என்னும் மறையாக்க முறை. அது முகவரியின் கேள்விப் பகுதியையும் உடற்பகுதியையும் சேர்த்தே காக்கிறது. போஸ்ட் செய்யும் உதவியெல்லாம், இரு முனைகளிலும் உள்ள பதிவுகளில் கேள்வி தங்காமல் பார்த்துக்கொள்வதுதான். இரண்டும் வேண்டும்.

கெட்டுக்குள்ளேயே கடிதம் வைத்தால்?

கூர்மையான வாசகர் ஒருவர் இங்கே குறுக்கிட்டுக் கேட்கலாம்: "கெட் வேண்டுகோளிலேயே உடற்பகுதியைச் சேர்த்து, நீண்ட கேள்வியை அதில் எழுதினால் என்ன? தீங்கின்மையும் கிடைக்கும், இடமும் கிடைக்குமே?"

நல்ல யோசனைதான். ஆனால் கெட்டுடன் வரும் உடற்பகுதிக்குப் பொதுவான பொருள் எதையும் விதிமுறை வரையறுக்கவில்லை. நடுவில் நிற்கும் கணிப்பொறி அதைத் தள்ளிவிட்டு முகவரியை மட்டும் அனுப்பலாம், வேண்டுகோளையே மறுக்கலாம். அதைவிட மோசம், முகவரி ஒன்றாக இருப்பதைக் கண்டு, உடற்பகுதியிலுள்ள கேள்வி வேறு என்பதை அறியாமல், முன்பு ஒருவருக்குக் கொடுத்த விடையை இடைச்சேமிப்பு உங்களுக்கும் கொடுத்துவிடலாம். உலாவிகளில் நிரல் வழியே வேண்டுகோள் அனுப்பும் 'ஃபெட்ச்' என்னும் வசதி, கெட்டுடன் உடற்பகுதி வைத்தால் பிழை என்றே நிறுத்திவிடுகிறது. 'எலாஸ்டிக்சர்ச்' என்னும் தேடல் மென்பொருள் உடற்பகுதியுள்ள கெட்டை ஏற்கிறது. ஆயினும் எல்லாக் கருவிகளாலும் அதை அனுப்ப முடியாது என்பதால் போஸ்டையும் ஏற்கிறது.

நேர்வழி ஒன்று உண்டு. நீண்ட கேள்வியைப் போஸ்ட் வழியாக ஒரு முறை அனுப்பி, அதைச் சர்வரில் பதிந்து வைப்பது. சர்வர் அதற்கு ஒரு சிறிய முகவரி தரும். பிறகு அம்முகவரியைக் கெட் மூலம் எத்தனை முறை வேண்டுமானாலும் கேட்கலாம். டோக்கன் வாங்கிக்கொண்டு பிறகு டோக்கன் எண்ணை மட்டும் சொல்வது போல.

குவெரி: மூன்றாவது வழி

விசாரணைச் சன்னலிலேயே எழுதிய தாளை நீட்ட முடிந்தால் எவ்வளவு எளிது! பணம் கேட்க மாட்டார்கள். தாளில் எவ்வளவு வேண்டுமானாலும் எழுதலாம். இந்த எண்ணத்திலிருந்து பிறந்ததே 'குவெரி', அதாவது 'வினவு' என்னும் முறைச்சொல்.

இப்படிப்பட்ட முயற்சி புதிதன்று. 'வெப்டாவ்' என்னும் ஆவணப் பரிமாற்ற முறைக்காக 'சர்ச்' என்னும் முறைச்சொல் 2008-இலேயே வரையறுக்கப்பட்டது. அது ஒரு துறைக்குள் நின்றுவிட்டது. பொதுப் பயனுக்கான சொல் ஒன்றை வகுக்கும் பணியை, இணையத் தரங்களை எழுதும் ஐ.இ.டி.எஃப். அமைப்பின் எச்.டி.டி.பி. குழு மேற்கொண்டது, 2021-இல் அதன் வரைவுகள் வெளிவந்தன.

குவெரியின் இயல்பு மூன்று வரிகளில் அடங்கும். கெட் போல அது தீங்கற்றது. மீளச் செய்தாலும் மாறாதது. போஸ்ட் போல அது கேள்வியை உடற்பகுதியில் சுமக்கிறது. அதன் விடையை இடைச்சேமிப்பில் வைக்கலாம்; ஆனால் கேள்விகளை ஒப்பிடும்போது முகவரியோடு உடற்பகுதியையும் சேர்த்து ஒப்பிட வேண்டும். அத்துடன், சர்வர் விரும்பினால் அந்தக் கேள்விக்கு ஒரு முகவரியையும் தரலாம். அடுத்த முறை கெட் போதும்.

ஆனால் புதுச்சொல் ஒன்றை அகராதியில் சேர்த்துவிட்டால் மட்டும் போதாது. பேசுபவருக்கும் கேட்பவருக்கும் அது தெரிந்திருக்க வேண்டும். இரு முனைகளும் நடுவில் நிற்கும் கருவிகளும் குவெரியை ஏற்கின்றனவா என்று பார்த்துக்கொண்டே இதைப் பயன்படுத்த வேண்டும். ஏற்காத இடத்தில் போஸ்டே கைகொடுக்கும்.

தேர்ந்தெடுப்பது எப்படி?

நீங்கள் ஒரு வலைச்செயலியை எழுதும் மாணவராக இருந்தால், இந்த வரிசையில் கேட்டுக்கொள்ளுங்கள்.

1. இந்த வேண்டுகோள் எதையேனும் மாற்றுகிறதா? மாற்றுகிறது என்றால் கெட் கூடவே கூடாது. ஓர் இடத்தில் ஒன்றை வைப்பதானால் புட், நீக்குவதானால் டெலீட், மற்றவற்றுக்குப் போஸ்ட்.

2. மாற்றவில்லை, கேள்வி மட்டும்தான் என்றால் முதலில் கெட். கேள்வியின் பகுதிகளை எப்போதும் ஒரே வரிசையில் எழுதுங்கள். ஊர் முதலில், ஆண்டு பின்னர் என்று ஒரு தடவையும், ஆண்டு முதலில், ஊர் பின்னர் என்று மறு தடவையும் எழுதினால், இடைச்சேமிப்பு அவற்றை இரு வேறு கேள்விகளாக எண்ணிவிடலாம்.

3. கேள்வி சில ஆயிரம் எழுத்துகளைத் தாண்டுமா? தமிழாயின் ஒன்பதால் பெருக்கிப் பார்த்தீர்களா? தாண்டும் என்றால், இரு முனைகளும் அறிந்திருந்தால் குவெரி, இல்லையேல் போஸ்ட்.

4. கேள்வியிலேயே மறைவான செய்தி இருக்கிறதா? அதை முகவரியில் ஏற்றாதீர்கள். எச்.டி.டி.பி.எஸ். இல்லாமல் அனுப்பவும் செய்யாதீர்கள்.

5. கேள்விக்குப் போஸ்டைப் பயன்படுத்த நேர்ந்தால், அந்த முகவரியில் வரும் வேண்டுகோள் எதையும் மாற்றாது என்று செயலியின் விளக்கக் குறிப்பில் எழுதி வையுங்கள். மறுமொழி தொலைந்தால் துணிந்து மறுபடியும் கேட்கலாம் என்பது பிறருக்குத் தெரியட்டும். முறைச்சொல் தராத உறுதிமொழியை நீங்களாவது தர வேண்டும் அல்லவா?

இந்த ஐந்தில் மிக முக்கியமானது முதல் கேள்வியே. மற்றவற்றில் தவறினால் வேகம் குறையும், வேலை கூடும், சில வேளை மறைவு கெடும். முதலாவதில் தவறினால், ஒருவர் பல நாள் உழைத்துச் சேர்த்தது அவர் கைபடாமலே அழிந்துபோகும். 2005-இல் அந்த இணைப்புகளை அமைத்தவர்கள் கெட்ட எண்ணம் உடையவர்கள் அல்லர். அதுவரை அந்த இணைப்புகளை மனிதர்கள் மட்டுமே சொடுக்கி வந்தார்கள். எல்லாம் சரியாக நடந்தது. நடுவில் ஒரு புதிய கருவி வந்து, அவர்கள் சொன்ன சொல்லை அப்படியே நம்பியபோதுதான் பிழை வெளிப்பட்டது.

நாம் எழுதும் நிரலை நாளை யார், எந்தக் கருவியைக் கொண்டு அணுகுவார்கள் என்பது நமக்குத் தெரியாது. அவர்கள் நம் மனத்தைப் படிக்க மாட்டார்கள். முகவரிக்கு முன்னால் நிற்கும் அந்த முறைச்சொல்லைத்தான் படிப்பார்கள். விசாரணை என்று எழுதிய சன்னலில் விசாரணை மட்டுமே நடக்கட்டும்.